திரையின் ஒரு பகுதியை மட்டும் பிடிக்க லினக்ஸ் தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

லினக்ஸில் திரையின் ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுக்க முடியவில்லை என்று யாராவது வந்தால், என்ன கருவி போட்டிருக்கிறீர்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. உங்கள் செஷன் எக்ஸ்11-ஆ, வேலேண்டா என்றுதான் கேட்பேன். செஷன் என்பது நீங்கள் உள்நுழைந்திருக்கும் அமர்வு; மற்ற இரண்டும் நிரல்களின் சாளரங்களைத் திரையில் காட்டும் அடிப்படை முறைகள், எக்ஸ்11 பழையது, வேலேண்ட் புதியது. ஒரு கருவி வேலை செய்யவில்லை என்றதும் இரண்டாவதை நிறுவி, அதுவும் சரிவராமல் மூன்றாவதை நிறுவி, கடைசியில் பிரிண்ட் விசை யார் பிடியில் இருக்கிறது என்றே தெரியாமல் போவதுதான் வழக்கமாக நடப்பது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் இந்த அலைச்சல் வேண்டாம்.

பார்ப்பது சுலபம். ஜினோம் டெஸ்க்டாப்பில் அமைப்புகள் பக்கத்தில் சிஸ்டம், அதற்குள் அபவுட், அதற்குள் சிஸ்டம் விவரங்கள். அங்கே 'விண்டோயிங் சிஸ்டம்' என்று ஒரு வரி இருக்கும். கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் சிஸ்டம் அமைப்புகளின் 'இந்த சிஸ்டம் பற்றி' பக்கத்தில் 'கிராஃபிக்ஸ் பிளாட்ஃபார்ம்' என்ற வரி. டெர்மினல் பழக்கம் உள்ளவர்கள் எக்ஸ்டிஜி_செஷன்_டைப் என்ற சூழல் மாறியை எக்கோ செய்து பார்த்தால் போதும். கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடியே எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். சூழல் மாறி என்றால் முழுக்கப் பெரிய எழுத்து, மற்றவை சின்ன எழுத்து.

பார்க்காமலே ஓரளவு ஊகிக்கவும் செய்யலாம். ஃபெடோரா 2016-இல் வந்த 25-ஆம் பதிப்பிலிருந்தே வேலேண்டுக்கு மாறிவிட்டது. உபுண்டு 17.10-இல் மாறி, 18.04-இல் பின்வாங்கி, 21.04-இல் மறுபடி மாறியது. பிளாஸ்மா 6, 2024-இல் வந்தபோது வேலேண்டையே இயல்பாக எடுத்துக்கொண்டது. லினக்ஸ் மின்ட்டின் சினமன், எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இன்னும் எக்ஸ்11-இல்தான் இருக்கிறார்கள்.

வித்தியாசம் இதுதான். எக்ஸ்11-இல் எந்த நிரலும் யாரையும் கேட்காமல் முழுத் திரையையும் படித்துக்கொள்ளலாம். ஸ்கிரீன்ஷாட் கருவிக்கு வசதி, உளவு பார்க்கும் நிரலுக்கும் அதே வசதி. வேலேண்ட் இந்த வழியை அடைத்துவிட்டது. முழுத் திரையின் படம், எல்லாச் சாளரங்களையும் சேர்த்துத் திரையை உருவாக்கும் கம்போசிட்டரிடம் மட்டுமே இருக்கும். ஜினோமில் அது ஜினோம் ஷெல், கேடிஇ-யில் கேவின். மற்ற நிரல்கள் அதனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆகவே வேலேண்டில் ஸ்கிரீன்ஷாட் கருவி என்பது படம் எடுக்கிற நிரல் இல்லை, படம் கேட்கிற நிரல். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே போவோம்.

படம் வருகிறது, ஆனால் முழுக்கக் கறுப்பு

ஸ்க்ராட், மெய்ம், இமேஜ்மேஜிக்கின் இம்போர்ட் போன்ற பழைய கருவிகளை வேலேண்டில் ஓட்டினால் இதுதான் கிடைக்கும். அவை எக்ஸ்11-இன் அடித்தளச் சாளரத்தைப் படிக்கின்றன. வேலேண்டுக்குள் பழைய நிரல்களுக்காக ஓடும் எக்ஸ்வேலேண்டிலும் அப்படி ஒரு சாளரம் இருக்கும், ஆனால் அதில் ஒன்றும் வரையப்பட்டிருக்காது. கருவியும் பிழை எதுவும் சொல்லாமல் அந்த வெறுமையை ஒழுங்காகச் சேமித்துக் கொடுத்துவிடும். சில சமயம் ஒன்றிரண்டு பழைய நிரல்களின் சாளரம் மட்டும் தெரிந்து மற்ற இடமெல்லாம் கறுப்பாக இருக்கும். காரணம் அதேதான்.

இதற்கு எந்த அமைப்பையும் நோண்டாதீர்கள். டெஸ்க்டாப்போடு வருகிற கருவிக்கு மாறுங்கள். ஜினோம் 42-இலிருந்து (2022) பிரிண்ட் விசையைத் தட்டினாலே தேர்வுப் பெட்டி வருகிறது. மூலைகளை இழுத்து அளவை வைத்து என்டர் தட்டினால் முடிந்தது. பெட்டி திறந்திருக்கும்போது எஸ் தட்டினால் பகுதி, டபிள்யூ தட்டினால் சாளரம், சி தட்டினால் முழுத் திரை, பி தட்டினால் சுட்டியும் படத்தில் வரும். கேடிஇ-யில் ஸ்பெக்டகிள் இருக்கிறது; மெட்டா (விண்டோஸ் விசை), ஷிஃப்ட், பிரிண்ட் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் நேரே பகுதித் தேர்வுக்குப் போகும். அம்பு போட, எழுத, மறைக்க எல்லாம் அதிலேயே முடியும் என்பதால் கேடிஇ-யில் வேறு கருவி தேடுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. ஜினோமின் பெட்டியில் அம்பு போட வழியில்லை, அதனால்தான் ஃபிளேம்ஷாட் என்ற வெளிக் கருவியைத் தேடிப் போகிறார்கள். அங்கேதான் அடுத்த சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஃபிளேம்ஷாட் திறக்கவில்லை, அல்லது திரையைப் பிடிக்க முடியவில்லை என்கிறது

முன்பு ஜினோம் ஷெல்லிடம் நேரடியாகப் படம் கேட்க ஓர் உள்வழி இருந்தது. ஜினோம் 41-இல் அதைக் குறிப்பிட்ட நிரல்களுக்கு மட்டும் என்று பூட்டினார்கள். அதன்பின் வெளிக் கருவிகளுக்கு இருப்பது போர்ட்டல் வழி. எக்ஸ்டிஜி டெஸ்க்டாப் போர்ட்டல் என்ற சேவையிடம் கருவி கேட்கும், அது ஜினோமிடம் கேட்கும், ஜினோம் உங்களிடம் 'இந்த நிரல் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாமா?' என்று கேட்கும்.

அந்தக் கேள்வி முதல்முறை மட்டும்தான் வரும், உங்கள் பதில் சேமிக்கப்பட்டுவிடும். அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தால், அதற்குப் பிறகு கருவி சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருக்கும். கருவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினாலும் மாறாது, ஏனென்றால் அந்தப் பதில் இருப்பது கருவிக்குள் இல்லை, அனுமதிக் கிடங்கில். அமைப்புகளில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அந்த நிரலின் பக்கத்தில் ஸ்கிரீன்ஷாட் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் டெர்மினலில் ஃபிளாட்பேக் பெர்மிஷன்ஸ் என்ற கட்டளை கிடங்கில் உள்ளதை எல்லாம் காட்டும். ஃபிளாட்பேக் பெர்மிஷன்-ரிமூவ் என்று தட்டி, அதன் பின்னால் ஸ்கிரீன்ஷாட் என்ற சொல்லை இரண்டு முறை எழுதினால் (முதலாவது அட்டவணையின் பெயர், இரண்டாவது அதற்குள் இருப்பதன் பெயர்) சேமித்த பதில்கள் அழிந்து கேள்வி மறுபடி வரும். நிரலை ஃபிளாட்பேக்காக (தனிப் பொதியாக) நிறுவாதவர்களுக்கும் இதே கிடங்குதான்.

இதிலேயே ஒரு கிளைச் சிக்கல்: டெர்மினலில் ஓட்டினால் வேலை செய்கிறது, விசைக் குறுக்குவழியில் வைத்தால் ஒன்றும் நடப்பதில்லை. சாண்ட்பாக்ஸுக்குள் (மற்றவற்றிலிருந்து பிரித்து அடைத்த இடத்துக்குள்) இல்லாத நிரலை யார் திறந்தார்கள் என்பதை வைத்துத்தான் போர்ட்டல் அதை அடையாளம் காண்கிறது. டெர்மினலிலிருந்து திறந்தால் ஓர் அடையாளம், குறுக்குவழியிலிருந்து திறந்தால் வேறோர் அடையாளம். குறுக்குவழிக் கட்டளையில் ஃபிளேம்ஷாட் ஜியுஐ என்று நேரடியாக எழுதாமல், எஸ்ஹெச் ஹைஃபன் சி என்று தொடங்கி, மீதியை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்துப் பாருங்கள். அநேகமாகச் சரியாகிவிடும். அழகான தீர்வு இல்லைதான்.

எக்ஸ்11-க்கே திரும்பிவிடலாம் என்று பலர் யோசனை சொல்வார்கள். உள்நுழையும் திரையின் மூலையில் உள்ள பல்சக்கரத்தைத் தட்டி 'உபுண்டு ஆன் ஸோர்க்' தேர்ந்தெடுத்தால் பழைய கருவிகள் எல்லாம் உடனே ஓடும் என்பது உண்மை. ஆனால் உபுண்டு 25.10-இல் அந்தத் தேர்வே இல்லை, ஜினோம் 49-உம் எக்ஸ்11 செஷனை இயல்பாக அணைத்துவிட்டது. இன்றைக்கு ஒரு படம் அவசரமாக வேண்டும் என்றால் போங்கள், நிலையான தீர்வாக நம்பாதீர்கள்.

பிரிண்ட் விசையைத் தட்டினால் எதுவும் நடக்கவில்லை

முதலில் விசையின் சமிக்ஞை கணினிக்குள் வருகிறதா என்று பாருங்கள். விசைப்பலகை அமைப்புகளில் புதிய குறுக்குவழி சேர்க்கும் இடத்தைத் திறந்து, அது விசையைக் கேட்கும்போது பிரிண்ட்டைத் தட்டுங்கள். 'பிரிண்ட்' என்று காட்டினால் விசை சரி, அதை வேறு எதுவோ பிடித்து வைத்திருக்கிறது. ஒன்றுமே காட்டவில்லை என்றால் எஃப்என் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். சின்ன மடிக்கணினிகளில் பிரிண்ட், இன்சர்ட்டோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கும். சூப்பர் (அதே விண்டோஸ் விசை), ஷிஃப்ட், எஸ் என்று மூன்று விசைகளைக் காட்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். சில புதிய மடிக்கணினிகளில் அந்தப் பொத்தான் விண்டோஸின் குறுக்குவழியை அப்படியே அனுப்புகிறது. அந்தச் சேர்க்கையையே ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

எக்ஸ்எஃப்சிஇ-யில் பகுதித் தேர்வுக்குத் தனி விசை ஒதுக்கப்படாமல் இருக்கலாம். விசைப்பலகை அமைப்பின் பயன்பாட்டுக் குறுக்குவழிகளில் எக்ஸ்எஃப்சிஇ4-ஸ்கிரீன்ஷூட்டர் என்ற கட்டளையை ஹைஃபன் ஆர் சேர்த்துப் போடுங்கள். மின்ட் சினமனில் ஷிஃப்ட்டும் பிரிண்ட்டும் சேர்ந்தால் பகுதி.

ஐ3 என்ற சாளர மேலாளரை வைத்திருப்பவர்களுக்கு இதே சிக்கல் வேறு முகத்தோடு வரும். டெர்மினலில் ஸ்க்ராட் ஹைஃபன் எஸ் ஒழுங்காக ஓடும், விசையில் கட்டினால் விசைப்பலகையைப் பிடிக்க முடியவில்லை என்று நின்றுவிடும். விசையை நீங்கள் அழுத்திக்கொண்டிருக்கும் நொடியில் விசைப்பலகை ஐ3-இன் பிடியில் இருக்கிறது. அதே நொடியில் ஸ்க்ராட்டும் பிடிக்கப் பார்த்துத் தோற்கிறது. ஐ3-இன் அமைப்புக் கோப்பில் விசையைக் கட்டும் பைண்ட்சிம் வரியில் இரட்டை ஹைஃபனோடு ரிலீஸ் என்று சேர்த்தால், விரலை எடுத்த பிறகுதான் கட்டளை ஓடும். வேறு சாளர மேலாளர்களில் கட்டளைக்கு முன் ஸ்லீப் 0.2 வைத்தாலும் அதே பலன்.

மெனுவைப் பிடிக்கப் போனால் மெனு மூடிக்கொள்கிறது

எக்ஸ்11-இல் மெனு திறந்தால் அது விசைப்பலகையையும் சுட்டியையும் தன் வசம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் பிரிண்ட் தட்டுவது டெஸ்க்டாப்புக்குப் போய்ச் சேராது. ஆகவே தாமதம் வையுங்கள்: 5 விநாடி தாமதத்தோடு முழுத் திரையையும் எடுக்கச் சொல்லிவிட்டு, அதற்குள் மெனுவைத் திறந்து காத்திருங்கள். பகுதியைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். தாமதத்தையும் பகுதித் தேர்வையும் ஒன்றாக வைத்தால் சில கருவிகள் தாமதத்தைக் கண்டுகொள்வதே இல்லை, அதனால்தான் இப்படிச் சுற்றிப் போகச் சொல்கிறேன்.

வேலேண்டில் இந்தத் தொல்லை குறைவு. விசை முதலில் கம்போசிட்டருக்குத்தான் போகிறது. ஜினோமின் பெட்டி இன்னும் ஒரு படி மேல்: பிரிண்ட் தட்டிய கணத்திலேயே திரையை உறையவைத்துவிடுகிறது. நீங்கள் நிதானமாக வெட்டுவது அந்த உறைந்த படத்திலிருந்துதான். மெனு, சுட்டிக்கு அடியில் வரும் குறிப்பு எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் ஸ்வே, ஹைப்பர்லேண்ட் போன்ற வேலேண்ட் கம்போசிட்டர்களில் பயன்படும் கிரிம் (படம் எடுப்பது), ஸ்லர்ப் (பகுதியைத் தேர்வது) ஜோடி நேர்மாறு. முதலில் தேர்வு, பிறகுதான் படம். தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும்.

எடுத்த படத்தைக் காணோம்

ஜினோம் 42-க்குப் பிறகு படங்கள் பிக்சர்ஸ் கோப்புறைக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற உள்கோப்புறைக்குப் போகின்றன, கிளிப்போர்டிலும் ஒரு பிரதி இருக்கும். முகப்பைத் தமிழில் வைத்திருந்தால் கோப்புறைப் பெயர்களும் தமிழில் இருக்கலாம். நடுவில் மொழியை மாற்றியவர்களிடம் இரண்டு பெயரிலும் கோப்புறைகள் இருக்கும், படம் எதற்குள் போகிறது என்று குழப்பம் வரும். எக்ஸ்டிஜி-யூசர்-டிர் என்று தட்டி இடம்விட்டுப் பெரிய எழுத்தில் பிக்சர்ஸ் என்று எழுதினால் உண்மையான இடத்தைச் சொல்லிவிடும். பிக்சர்ஸ் கோப்புறையை நீங்களே எப்போதோ அழித்திருந்தால், அடுத்த உள்நுழைவில் அந்த இடம் ஹோமுக்கு மாறியிருக்கும். அங்கே போய்ப் பாருங்கள். ஸ்க்ராட் தான் ஓடுகிற கோப்புறையிலேயே போட்டுவிடும். உபுண்டுவின் ஸ்னாப் பொதியாக நிறுவிய கருவி என்றால் ஹோமில் உள்ள ஸ்னாப் கோப்புறையையும் துழாவுங்கள்.

கிளிப்போர்டுக்கு எடுத்தேன், ஒட்டினால் ஒன்றும் வரவில்லை என்பது வேறு கதை. எக்ஸ்11 ஆனாலும் வேலேண்ட் ஆனாலும், நகலெடுத்த பொருள் அதை நகலெடுத்த நிரலிடமே இருக்கிறது. ஒட்டும்போதுதான் கை மாறுகிறது. நிரல் மூடிவிட்டால் பொருளும் போய்விடும். கிளிப்போர்டு மேலாளர் ஓடினால் அது ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளும். கேடிஇ-யில் கிளிப்பர் அந்த வேலையைச் செய்கிறது. இல்லாதவர்கள் ஃபிளேம்ஷாட்டைப் பின்னணியில் ஓடவிடுங்கள். டெர்மினல்காரர்கள் வேலேண்டில் கிரிம்மின் வெளியீட்டை டபிள்யூஎல்-காப்பி என்ற கிளிப்போர்டுக் கட்டளைக்கு அனுப்பலாம், அது பின்னணியில் தங்கிக்கொள்ளும். எக்ஸ்11-இல் எக்ஸ்கிளிப் என்றால், ஹைஃபன் டி போட்டு வகை இமேஜ்/பிஎன்ஜி என்று சொல்ல மறக்காதீர்கள். சொல்லாவிட்டால் அது படத்தை எழுத்து என்று நினைத்துக்கொள்ளும், லிப்ரே ஆஃபிஸில் ஒட்டும்போது ஒன்றும் வராது.

ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தால் வேறு இடம் வருகிறது. எழுத்து மங்கலாக இருக்கிறது

இடம் தள்ளிப்போவதற்கு அநேகமாக ஒரே காரணம், 125 அல்லது 150 சதவீத அளவுமாற்றம். அதிலும் மடிக்கணினித் திரை ஓர் அளவிலும் வெளித்திரை வேறு அளவிலும் இருந்தால் வெளிக் கருவிகள் கணக்கைத் தவறவிடும். இரண்டு திரைகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து சோதியுங்கள். அப்போது சரியாக வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். டெஸ்க்டாப்போடு வரும் கருவி இந்தக் கணக்கைச் சரியாகவே போடும்.

மங்கலுக்கு இரண்டு காரணங்கள். எக்ஸ்வேலேண்டில் ஓடும் நிரலை 125, 150 சதவீதம் போன்ற பின்ன அளவுமாற்றத்தில் கம்போசிட்டர் இழுத்துப் பெரிதாக்குவதால், அது திரையிலேயே மங்கல்தான். படத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. திரையில் தெளிவாக இருந்து படத்தில் மட்டும் மங்கினால், சேமித்த வடிவத்தைப் பாருங்கள். ஜேபெக் புகைப்படத்துக்கு, எழுத்துள்ள திரைக்கு பிஎன்ஜி. பிஎன்ஜி-யாக எடுத்து வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் அது நசுக்கிவிடும். தமிழ் எழுத்துகளுக்கு இது கூடுதல் ஆபத்து. சின்ன எழுத்தில் புள்ளி கரைந்துபோனால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

நைட் லைட் போட்டுத் திரை மஞ்சளாக இருக்கும்போது எடுத்த படம் வெள்ளையாக வந்தால் அது கோளாறு இல்லை. ஜினோமில் அந்த மஞ்சள், படம் உருவான பிறகு திரைக்குப் போகும் வழியில் சேர்க்கப்படுவது.

ஸ்வே, ஹைப்பர்லேண்டில் 'இன்வாலிட் ஜியாமெட்ரி'

கிரிம்முக்கு ஹைஃபன் ஜி போட்டு ஸ்லர்ப்பின் பதிலைக் கொடுக்கிறோம். ஸ்லர்ப் இரண்டு துண்டாகப் பதில் தரும்: தொடங்கும் இடம், ஓர் இடைவெளி, அப்புறம் அகலமும் உயரமும். டாலரோடு கூடிய அந்த அடைப்புக்குறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் இல்லாவிட்டால் ஷெல் அதை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும், கிரிம் பாதி முகவரியோடு விழிக்கும். மேற்கோள் போட்டும் அதே பிழை வந்தால், தேர்வின்போது எஸ்கேப் தட்டியிருப்பீர்கள். ஸ்லர்ப் வெறுங்கையோடு திரும்பியிருக்கும். கம்போசிட்டரில் தேவையான நெறிமுறை இல்லை என்று கிரிம் சொன்னால், நீங்கள் அதை ஜினோம் போன்ற ஒன்றில் ஓட்டிப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். அங்கே அது ஓடாது.

இந்தச் சூழல்களில் இன்னோர் அறிகுறி: நிரல்கள் திறக்கவே 25 விநாடி போல எடுக்கும், ஸ்கிரீன்ஷாட்டும் வராது. 25 விநாடி என்பது, நிரல்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் டிபஸ் பதிலுக்காகக் காத்திருக்கும் இயல்பான எல்லை. ஏதோ ஒரு போர்ட்டல் பின்தளம் (போர்ட்டலின் கேள்வியை டெஸ்க்டாப்பிடம் கொண்டுசெல்லும் பகுதி) பதில் சொல்லவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். ஜினோமுக்கான பின்தளமும் ஸ்வே வகைக்கான டபிள்யூஎல்ஆர் பின்தளமும் ஒன்றாக நிறுவப்பட்டிருந்தால், தேவையில்லாததை நீக்குங்கள். ஸ்வே தொடங்கும்போது வேலேண்ட்_டிஸ்பிளே, எக்ஸ்டிஜி_கரன்ட்_டெஸ்க்டாப் இரண்டு மாறிகளும் டிபஸுக்கும் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி-க்கும் போய்ச் சேரும்படி டிபஸ்-அப்டேட்-ஆக்டிவேஷன்-என்விரான்மென்ட் வரியை அமைப்புக் கோப்பில் சேருங்கள்.

பகுதியை வீடியோவாக எடுக்கும்போது

ஜினோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட், ஆர் நான்கையும் தட்டினால் அதே பெட்டி வீடியோ நிலையில் திறக்கும். 30 விநாடியில் தானாக நின்றுவிடுகிறது என்றால் 42-க்கு முந்தைய ஜினோம் வைத்திருக்கிறீர்கள். அதில் அதுதான் இயல்பான எல்லை. ஓபிஎஸ் என்ற பதிவு நிரல் கறுப்பாகக் காட்டினால் எக்ஸ்11-க்கான மூலத்தைச் சேர்த்திருக்கிறீர்கள். பைப்வையர் என்று குறிப்பிட்ட திரைப்பிடிப்பு மூலத்தை எடுங்கள், 27-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. பகுதி வேண்டுமென்றால் ஆல்ட் அழுத்திக்கொண்டு மூலத்தின் ஓரத்தை உள்ளே இழுங்கள்.

எக்ஸ்11-இல் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோக் கட்டளைக் கருவியைப் பயன்படுத்துபவர்கள் இரண்டு இடத்தில் மாட்டுவார்கள். ஒன்று, அகலம் இரண்டால் வகுபடவில்லை என்ற பிழை. கையால் இழுத்த பெட்டி 533 பிக்சல் என்று ஒற்றைப்படையில் நின்றிருக்கும். 532 என்று மாற்றுங்கள், உயரத்துக்கும் அதே விதி. மற்றொன்று, கணினியில் ஓடும் வீடியோ கைப்பேசியில் ஓடாது. திரையிலிருந்து எடுக்கும்போது நிறத் தகவலைக் குறைக்காமல் 4:4:4 வடிவில் பதிந்துவிடுகிறது, பல கைப்பேசிகளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. பிக்ஸ்_எஃப்எம்டி என்ற விருப்பத்தில் ஒய்யூவி420பி என்று கொடுத்து மறுபடி எடுங்கள். ஏற்கெனவே எடுத்து முடித்த கோப்பையும் அதே விருப்பத்தோடு எஃப்எஃப்எம்பெக்கில் ஒருமுறை ஓட்டி மாற்றிக்கொள்ளலாம்.